கோபி: மருத்துவமனையிலேயே வாழும் பார்வையற்ற, கடுகடுப்பான ஒரு பூனையின் நிகழ்வு ஆய்வு

யார் இந்தக் கோபி

கோபி ஆண் பூனை. கருத்தடை செய்யப்பட்டவன். சாம்பல் நிறம், கறுப்பு வரிகள், குட்டை முடி, எடை 4.3 கிலோ. இந்த ஆய்வைத் தொடங்கியபோது வயது ஒன்பதை ஒட்டி இருக்கும். இரண்டு பக்கமும் பார்வை கிடையாது, குட்டியிலிருந்தே கிடையாது. கால்நடை மருத்துவமனையில்தான் வளர்ந்தான், இன்றும் அங்கேதான் இருக்கிறான். முன்கோபி என்று யாரோ சொல்லப்போய், அது கோபி என்று சுருங்கி, கேஸ் ஷீட்டிலும் அதுவே ஏறிவிட்டது.

நான் இங்கே வேலைக்குச் சேர்ந்தபோது உதவியாளர்கள் அவனைப் பற்றிச் சொன்னதெல்லாம் எச்சரிக்கைகள்தான். "இடது பக்கமா போகாதீங்க, டாக்டர். சாப்பிடும்போது கிட்ட நிக்காதீங்க. பின்முதுகைத் தொடவே தொடாதீங்க. சொல்லாம தூக்கினா கை போச்சு." நாலு எச்சரிக்கைகள். வருஷக்கணக்கில் கீறலும் கடியும் வாங்கிக்கொண்டு அவர்கள் சேர்த்த அறிவு அது.

இந்த ஆய்வில் நான் சொல்ல வருவது அந்த நாலு வாக்கியங்களைப் பற்றித்தான். கோபக்காரப் பூனையோடு தினமும் பழகுகிறவர்கள் சொல்லும் எச்சரிக்கையை மருத்துவ வரலாறாக எடுத்துக்கொண்டு படிக்க வேண்டும். கோபி விஷயத்தில் நாலில் மூன்று எச்சரிக்கைகளுக்குக் கீழே வலி இருந்தது. நாலாவதற்குக் கீழே இருந்தது பார்வையின்மை. இவற்றையெல்லாம் கவனித்த பிறகும் கொஞ்சம் கோபம் மிச்சம் இருந்தது. அது அவனுடையது.

பழைய பதிவுகள்

எட்டு வாரம் மதிக்கத்தக்க குட்டியாக, இரண்டு கண்களும் சீழில் ஒட்டிப்போன நிலையில் அவனை யாரோ கொண்டுவந்து விட்டிருக்கிறார்கள். பதிவில் இருப்பது பூனை ஹெர்பிஸ் வைரஸ் தொற்று. குட்டிகளின் கண்ணைப் பறிப்பதில் இந்த வைரஸுக்குப் பெரிய பங்கு உண்டு. முதலில் தும்மல், மூக்கொழுகல், கண்ணில் நீர். அப்புறம் கருவிழியின் மேற்பரப்பில் புண். பாக்டீரியாவும் சேர்ந்துகொண்டால் புண் ஆழமாகி, கருவிழி இளகி, ஒரு கட்டத்தில் உடைந்துவிடும்.

கோபிக்கு இரண்டு கண்களிலும் அது நடந்தது. வலது கண் முழுக்க உடைந்திருந்ததால் குட்டியிலேயே எடுத்துவிட்டார்கள். இடது கண் உடைந்த இடம் தழும்பாகி மூடிக்கொண்டது. உள்ளே இருந்த திரவம் குறைந்து கண் சுருங்கிச் சின்ன உருண்டையாக நின்றுவிட்டது. அதை அப்படியே விட்டிருந்தார்கள். எலும்பும் தோலுமாக இருந்த குட்டிக்கு இன்னொரு அறுவை சிகிச்சை வேண்டாம் என்று முடிவெடுத்தது அன்றைக்கு நியாயமானதுதான்.

இந்த வைரஸ் உடம்பை விட்டுப் போவதில்லை. முகத்துக்கு வரும் முப்பிரிவு நரம்பின் முடிச்சில் ஒளிந்துகொண்டு, பூனை மன அழுத்தத்தில் இருக்கும்போது மறுபடி தலைதூக்கும். கோபியின் ஷீட்டில் அவ்வப்போது 'தும்மல், இடது கண்ணில் ஒழுக்கு, சொட்டு மருந்து' என்ற வரி வருகிறது. நடுவில் ஒரு குடும்பம் தத்தெடுத்துப் போயிருக்கிறது. கடிக்கிறான் என்று திரும்பி வந்துவிட்டான். அதற்குப் பிறகு யாரும் கேட்கவில்லை.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட்டுப் போகிறேன். நாங்கள் பார்க்கும் பார்வையற்ற பூனைகளில் பல, கோபி மாதிரிக் குட்டியில் கண்ணை இழந்தவை அல்ல. வயதான பூனைகள். சிறுநீரக நோயாலோ தைராய்டு அதிகமானதாலோ ரத்த அழுத்தம் ஏறி, விழித்திரை பிரிந்து, ஒரே நாளில் பார்வை போனவை. கருமணி பெரிதாக விரிந்து, வெளிச்சத்திலும் சுருங்காமல் இருப்பதை வீட்டில் உள்ளவர்களே பார்க்க முடியும். அது அவசரம். அழுத்தத்தை உடனே குறைத்தால் சில பூனைகளுக்குக் கொஞ்சமாவது பார்வை திரும்புகிறது. அதற்கு அம்லோடிபின் என்ற மருந்தைப் பூனைக்கான சின்ன அளவில், பெரும்பாலும் 0.625 மி.கி.யில் தொடங்கி, கொடுக்கிறோம். வயதாகிவிட்டது என்று விட்டுவிடாதீர்கள்.

நோட்டுப் புத்தகம்

கோபி மேல் கை வைப்பதற்கு முன்னால் அவன் கோபத்தை எழுதிவைக்கலாம் என்று எல்லோரும் ஒத்துக்கொண்டோம். அவன் அறைக் கதவில் ஒரு நோட்டு தொங்கியது. யார், எங்கே, உடம்பில் எந்த இடத்தில் கை பட்டது, அதற்கு முன்னால் என்ன சத்தம் கேட்டது, சீறினானா, சீறாமலே கடித்தானா. இவ்வளவுதான் கேள்விகள்.

கடைசிக் கேள்விதான் எல்லாவற்றையும் திறந்துவிட்டது. சீறிவிட்டு அடித்த சம்பவங்கள் ஒரு ரகம். ஆள் சத்தமில்லாமல் வந்தது, டிராலி இடம் மாறியது, பக்கத்து அறையில் நாய் குரைத்த கையோடு யாரோ அவனைத் தொட்டது என்று அவற்றுக்கு முன்னால் திடீரென ஏதோ நடந்திருந்தது. சீறாமல், முன்னறிவிப்பே இல்லாமல் கடித்தது இன்னொரு ரகம். அதில் எப்போதும் தொடுகை இருந்தது, தொட்ட இடமும் மூன்றே மூன்றுதான்: இடது கன்னம், இடது கண் ஓரம், வாலுக்கு முன்னால் உள்ள பின்முதுகு. முதல் ரகம் பயம். இரண்டாவது வலி என்று சந்தேகப்பட்டோம்.

சாப்பாட்டுக் கிண்ணத்தின் கதையும் நோட்டில் இருந்தது. பசியோடு ஓடிவருவான், இரண்டு வாய் எடுப்பான், தலையை உதறிக் கிண்ணத்தைப் பார்த்தே சீறுவான், பின்வாங்குவான், மறுபடி வருவான். உலர் உணவு என்றால் தலையை வலப்பக்கம் சாய்த்துக்கொண்டு மெல்லுவான். கிட்டே நின்றவர் அடிவாங்கியது அந்த நேரத்தில் அங்கே நின்றதால்தான். அவரை அவன் குறிவைக்கவில்லை.

இன்னொன்றும் தெரிந்தது. தரையைக் கிருமிநாசினி போட்டுத் துடைத்த நாட்களில் அவன் சிடுசிடுப்பு கூடியது. பூனை தன் கன்னத்தையும் தாடையையும் சுவர் முனைகளில் தேய்த்துத் தன் வாசனையை விட்டுவைக்கிறது. பார்க்க முடியாத பூனைக்கு அந்தத் தடங்கள்தான் வழி. நாங்கள் தினமும் அதை அழித்துக்கொண்டிருந்தோம்.

பரிசோதனைக்கு அவனைத் தயார் செய்தது

பிடறியைப் பிடித்து அமுக்கி, நாலு பேர் சேர்ந்து பரிசோதித்தால் வேலை சீக்கிரம் முடியும் என்று நினைக்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பூனைகளைக் கையாளுவது பற்றிய சர்வதேச வழிகாட்டுதல்கள் 2011இலேயே பிடறியைப் பிடித்துத் தூக்குவதை ஆதரிக்கவில்லை. 2022இல் வந்த புதிய வடிவம் இன்னும் தெளிவாகப் பேசுகிறது. கண் தெரியாத பூனையை அப்படிச் செய்வது அதற்கு எந்தத் திசையிலிருந்தும் ஆபத்து வரலாம் என்று கற்றுக்கொடுப்பதுதான்.

கோபிக்குப் பயத்தைத் தணிக்கும் காபாபென்டின் என்ற மருந்தை 100 மி.கி., ஈர உணவில் கலந்து, பரிசோதனைக்கு இரண்டு மணி நேரம் முன்னால் கொடுத்தோம். ரத்த அழுத்தத்தை அவன் அறையிலேயே, அவன் போர்வை மேலேயே எடுத்தோம். முதல் அளவை விட்டுவிட்டு அடுத்தடுத்து எடுத்ததன் சராசரி 150க்கு அருகே வந்தது. 160க்கு மேல் என்றால் உயர் அழுத்தம், 180க்கு மேல் என்றால் கண், மூளை, சிறுநீரகத்துக்கு உடனடி ஆபத்து என்று வகுத்திருக்கிறார்கள். வெளியிலிருந்து வரும் பூனைக்கு அளவு கொஞ்சம் ஏறியிருந்தால் மருத்துவமனைப் பயம் என்று கழித்துவிடுவோம். கோபிக்கு மருத்துவமனைதான் வீடு. அதனால் அந்த 150ஐ நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. வலியும் அழுத்தத்தை ஏற்றும் என்பதால், சிகிச்சைக்குப் பிறகு மறுபடி பார்ப்பது என்று குறித்துவைத்தோம்.

ரத்தப் பரிசோதனையில் சிறுநீரகம் சரியாக இருந்தது. தைராய்டு அளவும் சரி. நடுவயது தாண்டிய பூனை திடீரென எரிச்சல்படத் தொடங்கினால் இதைப் பார்க்காமல் விடக்கூடாது. பூனை லூக்கீமியா வைரஸ், பூனையின் எதிர்ப்புசக்தியைக் குறைக்கும் எஃப்ஐவி வைரஸ் இரண்டும் இல்லை. நடையிலோ தலை நிற்பதிலோ நரம்புக் கோளாறின் அடையாளம் எதுவும் இல்லை.

மயக்கத்தில் கண்டது

வாயைத் திறந்தபோது முதல் பார்வையில் கொஞ்சம் காரை, அவ்வளவுதான். இடது கீழ்த்தாடையில் முன்கடைவாய்ப் பல் ஒன்றின் மேல் மட்டும் ஈறு சிவந்து, பல்லின் மேல் ஏறி வளர்ந்திருந்தது. பல் மருத்துவ எண்ணில் அது 307. அந்த ஈறுக்கு அடியில் ஊசியால் தொட்டதும், முழு மயக்கத்தில் இருந்தும் தாடை படபடவென்று நடுங்கியது. பூனைகளின் பல் கரைதல் நோய் என்றால் இந்த நடுக்கத்தைப் பார்த்தவர்களுக்கு மறக்காது. பல்லின் கடினமான பகுதியை உடம்பே அரித்துத் தின்கிறது, உள்ளே இருக்கும் நரம்பு திறந்துகொள்கிறது. இது அடிக்கடி தாக்கும் பற்களில் கீழ்த்தாடையின் அந்த முன்கடைவாய்ப் பற்கள் முன்வரிசையில் நிற்கின்றன. எக்ஸ்ரேயில் வலப்பக்க ஜோடியான 407லும் தொடங்கியிருந்தது தெரிந்தது.

எக்ஸ்ரே இல்லாமல் இந்த நோய்க்குப் பல் பிடுங்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. வேர் முழுசாக இருந்தால் வேரோடு எடுக்க வேண்டும். வேர் எலும்போடு எலும்பாகக் கலந்துவிட்டிருந்தால் மேல்பகுதியை மட்டும் வெட்டி, ஈறை மூடித் தைக்கலாம். வெளியிலிருந்து பார்த்து இந்த வித்தியாசத்தைச் சொல்ல முடியாது. கோபிக்கு 307இல் வேர் முழுசாக இருந்தது, 407இல் கலந்துவிட்டிருந்தது.

அடுத்து இடது கண். சுருங்கிய உருண்டை இமைக்கு முட்டுக்கொடுக்காததால் இமை உள்பக்கமாக மடிந்திருந்தது. இமை ஓரத்து முடிகள் தழும்பேறிய கருவிழி மேல் உரசிக்கொண்டே இருந்திருக்கின்றன. மடிப்புக்குள் மஞ்சள் நிற அழுக்கு. பார்வை இல்லாத கண்ணுக்கு வலியும் இருக்காது என்று பலர் நினைக்கிறார்கள். பார்வையைக் கொண்டுபோகும் நரம்பு வேறு, கருவிழியின் வலியைக் கொண்டுபோகும் நரம்பு வேறு. முதலாவது எப்போதோ வேலையை நிறுத்திவிட்டது. இரண்டாவது வருஷக்கணக்காக வேலை செய்துகொண்டிருந்தது.

பின்முதுகு எக்ஸ்ரேயில், கடைசி இடுப்பு முள்ளெலும்புக்கும் இடுப்புக்கூட்டுக்கும் நடுவில் இடைவெளி குறைந்து, ஓரங்களில் எலும்பு முளைகள் தெரிந்தன. முழங்கைகளிலும் தேய்மானம் தொடங்கியிருந்தது. இது அபூர்வம் இல்லை. 12 வயதுக்கு மேற்பட்ட 100 பூனைகளின் எக்ஸ்ரேக்களை அலசிய ஓர் ஆய்வு 2002இல் வெளியானது. அதில் 90 பூனைகளுக்கு மூட்டுத் தேய்மானம் இருந்தது. பூனை நொண்டாது. தாவுவதைக் குறைத்துக்கொள்ளும், முதுகை நக்குவதை நிறுத்தும், அங்கே தொட்டால் கடிக்கும்.

ஆக, இடது பக்கம், சாப்பாட்டு நேரம், பின்முதுகு. உதவியாளர்கள் சொன்ன மூன்றும் எக்ஸ்ரேத் தாளிலும் மேஜையிலும் கண்ணுக்குத் தெரிந்தன.

சிகிச்சை

அன்றே, அதே மயக்கத்தில், முதலில் கண்ணையும் அப்புறம் பற்களையும் முடித்தோம். வாய் அசுத்தமான இடம் என்பதால் கண்ணை முன்னால் எடுத்தோம். இரண்டு தனித்தனி நாட்களில் செய்வதுதான் ஒழுங்கு என்று வாதாடலாம். ஆனால் கண் தெரியாத பூனை ஒவ்வொரு முறை மயக்கத்திலிருந்து எழும்போதும் தான் எங்கே இருக்கிறோம் என்று முதலிலிருந்து கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது. அந்தத் தவிப்பை இரண்டு முறை கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

இடது கண்ணை எடுக்க வலி மட்டும் காரணமில்லை. காயம்பட்டுச் சுருங்கிய பூனைக் கண்ணில், பல ஆண்டுகள் கழித்தும், சார்கோமா என்ற கொடிய கட்டி வளரலாம். லென்ஸின் உறை கிழிந்த கண்களில் அந்த ஆபத்து உண்டு என்பதால், அப்படிப்பட்ட கண்ணை வைத்திருப்பதில் பூனைக்கு எந்த லாபமும் இல்லை. எடுத்த கண்ணைத் திசுப் பரிசோதனைக்கு அனுப்பினோம். பழைய தழும்பு, நீடித்த அழற்சி, கிழிந்த லென்ஸ் உறை. கட்டி இல்லை.

தையலைப் பிறாண்டாமல் இருக்கக் கழுத்தில் போடும் பிளாஸ்டிக் கூம்பு பெரிய கேள்வியாக வந்து நின்றது. கோபிக்கு மீசைமுடிதான் விரல். மேலுதட்டில் இரண்டு பக்கமும், இமைக்கு மேலே, முகவாயில், முன்னங்காலின் பின்பக்கத்தில்கூட அந்தத் தொடுமுடிகள் உண்டு. கூம்பை மாட்டினால் முகத்து முடிகள் எதையும் தொடாது, காதுக்கு வரும் சத்தத்தின் திசையும் குழம்பும். கண் இல்லாதவனிடமிருந்து மிச்சமிருக்கும் இரண்டையும் பிடுங்கிக்கொள்வதாக ஆகிவிடும். அதனால் யாராவது கூட இருக்கும் நேரமெல்லாம் கூம்பு இல்லாமல் விட்டோம். ஆள் இல்லாத நேரத்தில் மட்டும் துணியால் செய்த மெத்தென்ற வளையம். தையல் பிரியவில்லை.

வலியை அளவிடுவதிலும் ஒரு சிக்கல். மான்ட்ரியல் பல்கலைக்கழகத்தில் உருவாக்கி 2019இல் வெளியிட்ட ஃபீலைன் கிரிமேஸ் ஸ்கேல், பூனையின் முகத்தில் ஐந்து விஷயங்களைப் பார்க்கச் சொல்கிறது: காதின் நிலை, கண் இடுங்குவது, முகவாய்ப் பகுதியின் இறுக்கம், மீசைமுடி, தலையின் நிலை. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 2 வரை மதிப்பெண். மொத்தம் 10க்கு 4 வந்தால் வலி மருந்து தேவை. கண்ணே இல்லாத முகத்தில் இரண்டாவதைப் பார்க்க முடியாது. மீதி நாலையும் வைத்து 8க்குக் கணக்கிட்டு, விகிதத்தைப் பார்த்தோம். அவன் காது மட்டுமே பாதிக் கதையைச் சொல்லிவிடும் என்பது அந்த நாட்களில் எங்களுக்குப் பழகியது.

முதல் சில நாட்களுக்கு பியூப்ரெனார்பின் என்ற வலி மருந்து, கூடவே பூனைக்கான வீக்கம் குறைக்கும் வலி மருந்து. இதைப் படிக்கும் பூனை வளர்ப்பவர்களுக்கு இந்த இடத்தில் சொல்லியே ஆக வேண்டும்: வீட்டில் இருக்கும் பாராசிட்டமாலைப் பூனைக்குக் கொடுக்கவே கொடுக்காதீர்கள். அதைச் சிதைத்து வெளியேற்றும் திறன் பூனையின் கல்லீரலுக்கு மிகக் குறைவு. பெரியவர்களுக்கான ஒரே மாத்திரை ஒரு பூனையைக் கொல்லப் போதும்.

பின்முதுகுக்கு ஃப்ருனெவெட்மாப் ஊசியை மாதம் ஒரு முறை தொடங்கினோம். வலியைக் கடத்துவதில் பங்குள்ள நரம்பு வளர்ச்சிக் காரணியைப் பிடித்துக் கட்டிவைக்கும் எதிர்ப்புரதம் அது. அமெரிக்காவில் 2022 ஜனவரியில் அனுமதி பெற்றபோது, விலங்குகளுக்காக அந்நாட்டு உணவு, மருந்து நிர்வாகம் அனுமதித்த முதல் ஒற்றைக்குல எதிர்ப்புரத மருந்து என்ற பெயரும் அதற்கு வந்தது. தினமும் வாயைத் திறந்து மாத்திரை போட வேண்டியதில்லை என்பது, வாயைத் தொட்டால் கடிக்கும் பூனைக்குச் சின்ன விஷயமில்லை.

"நான்தான்"

வலிக்கு வைத்தியம் நடந்துகொண்டிருக்கும்போதே நாலாவது எச்சரிக்கைக்கும் வேலை தொடங்கியது. சொல்லாமல் தூக்கினால் கடிக்கிறான் என்றால், சொல்லிவிட்டுத் தூக்க வேண்டும். எப்படிச் சொல்வது?

கதவுக்கு வெளியிலேயே நின்று "நான்தான்" என்று சொல்வது வழக்கமானது. எல்லோரும் ஒரே வார்த்தைதான், குரல் வேறு வேறு. பூனைகளுக்குத் தெரிந்தவர்களின் குரலும் அந்நியர் குரலும் வேறாகக் கேட்கும் என்பதை ஜப்பானிய ஆய்வாளர்கள் 2013இல் காட்டினார்கள். கியோட்டோ பல்கலைக்கழகத்தினர் 2021இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் ஒரு படி மேலே போனது. வளர்ப்பவரின் குரலை ஓரிடத்தில் ஒலிக்கவிட்டு, உடனே அவர் போயிருக்கவே முடியாத வேறோர் இடத்திலிருந்து ஒலிக்கவிட்டால் பூனைகள் திகைக்கின்றன. ஆளைப் பார்க்காமலே, குரலை வைத்து அவர் இருக்கும் இடத்தை மனதில் குறித்துவைக்கின்றன. இதைப் படித்ததும் எங்களுக்கு ஒன்று விளங்கியது. ஒருவர் வாசலில் நின்று கோபியைக் கூப்பிடுவார், இன்னொருவர் பேசாமல் மறுபக்கமாக வந்து தூக்குவார். அவன் கணக்கில் அது மோசடி. அன்றிலிருந்து, குரல் கொடுத்தவரே கை வைக்க வேண்டும் என்று விதி வைத்தோம். செல்பேசியை ஸ்பீக்கரில் போட்டு அவன் அறையில் பேசுவதையும் நிறுத்தினோம்.

குட்டியிலேயே பார்வை இழந்த பூனைக்குக் காது கூர்மையாகும் என்று பொதுவாகச் சொல்வதற்கு ஆதாரம் உண்டு. நரம்பியல் ஆய்வாளர் ஜோசஃப் ராஷெக்கர் 1990களின் முற்பகுதியில் வெளியிட்ட ஆய்வுகளில், பார்வை இல்லாமல் வளர்ந்த பூனைகள் சத்தம் வரும் திசையை மற்ற பூனைகளைவிடத் துல்லியமாகக் கண்டுபிடித்தன. அந்தக் குட்டிகளின் பார்வையை ஆய்வுக்காகவே மறைத்து வளர்த்தார்கள் என்பதை நினைக்கும்போது மனம் கனக்கிறது. ஆனாலும் அதில் கிடைத்த அறிவு கோபிக்கு உதவுகிறது. மெதுவாகப் பேசினாலே அவனுக்குப் போதும். உரக்கப் பேசிக்கொண்டு நெருங்குவது அவனை நடுங்க வைத்தது.

குரலுக்குப் பிறகு, அவன் படுத்திருக்கும் பலகையை விரலால் லேசாகத் தட்டுவோம். அதிர்வு அவன் உடம்புக்குப் போகும். அப்புறம் விரலை மூக்குக்கு முன்னால் நீட்டிவிட்டுக் காத்திருப்போம். மோந்து பார்த்துக் கன்னத்தை விரலில் தேய்த்தால் சம்மதம். காது பக்கவாட்டில் மடிந்தாலோ, முதுகுத் தோல் அலையலையாகத் துடித்தாலோ, வால் நுனி அடித்தாலோ சம்மதமில்லை, திரும்பிப் போய்விட வேண்டும். பெரும்பாலானவர்களுக்குக் கஷ்டமாக இருந்தது இந்தத் திரும்பிப் போவதுதான். வேலை குவிந்து கிடக்கும் நேரத்தில் ஒரு பூனையின் அனுமதிக்காக நிற்பது எளிதில்லை. ஆனால் போகச் சொன்னால் போய்விடுகிறார்கள் என்று அவனுக்குப் புரிந்த பிறகுதான் கடி நின்றது. சீறல் போதும் என்று ஆனதும் பல் தேவைப்படவில்லை.

தூக்கினால், இறக்குவது எப்போதும் ஒரே இடத்தில், தண்ணீர்க் கிண்ணத்துக்குப் பக்கத்தில். அங்கிருந்து அவனுக்கு எல்லா வழியும் தெரியும். கதவுக்கு முன்னால் சொரசொரப்பான மிதியடி, சாப்பாட்டு இடத்தில் ரப்பர் விரிப்பு, லிட்டர் தட்டு அசையாமல் ஒரே மூலையில். காலுக்கு அடியில் என்ன இருக்கிறது என்பதை வைத்து எங்கே இருக்கிறோம் என்று அறிந்துகொள்வான். சின்ன நீரூற்றுக் கிண்ணத்தின் சலசலப்பும் அவனுக்குத் திசை காட்டுகிறது.

தரைத் துடைப்பு விஷயத்தில் விட்டுக்கொடுப்பு கடினமாக இருந்தது. பூனைகளைத் தாக்கும் பான்லூக்கோபீனியா என்ற பார்வோ வகை வைரஸ் அறையில் மாதக்கணக்கில், சாதகமான சூழலில் ஓர் ஆண்டுவரைகூட உயிரோடு கிடக்கும். மருத்துவமனையில் கிருமிநீக்கத்தைத் தளர்த்தவே முடியாது. அதனால் நோயாளிகள் வராத அறையை அவனுக்கு ஒதுக்கி, அங்கே மட்டும் சுவர் முனைகளில் அவன் கன்னம் தேய்க்கும் உயரத்தைத் தொடாமல் விட்டோம். நோயாளிப் பூனையைத் தொட்டவர் மேலங்கி மாற்றி, கை கழுவிய பிறகே அந்த அறைக்குள் போகலாம். அது தொற்றைத் தடுக்கிறது, அந்நியப் பூனையின் வாசனையும் அவனிடம் போவதில்லை. ஃபீனால் கலந்த கிருமிநாசினியை அந்த அறைக்கே கொண்டுபோவதில்லை, பூனைகளுக்கு அது நஞ்சு.

மாறியதும் மாறாததும்

அறுவை சிகிச்சைக்குப் பின் வந்த முதல் வாரம் அவன் முன்னைவிட மோசமாக இருந்தான். புதுத் தையல், தன் மேலேயே மருந்து வாசனை. அப்புறம் முதலில் மாறியது கிண்ணம்தான். தலையை உதறாமல், சீறாமல், முழுக் கிண்ணத்தையும் ஒரே மூச்சில் சாப்பிட்டு முடித்தான். அன்று அந்த அறையில் இருந்த உதவியாளர் அழுதுவிட்டார். அவனை நீண்ட காலமாகக் கவனித்துவருபவர் அவர்தான்.

இடது கன்னத்தை இப்போது தேய்க்கக் கொடுக்கிறான், அவனே திருப்பிக் கொடுக்கிறான். ஊசி தொடங்கிய பிறகு, ஏறுவதை நிறுத்தியிருந்த ஜன்னல் பலகைக்கு மறுபடி ஏறுகிறான். ரத்த அழுத்தத்தைச் சில வாரங்கள் கழித்துப் பார்த்தபோது 140க்குக் கீழே இருந்தது. தும்மலும் குறைந்திருக்கிறது.

மாறாதவையும் உண்டு. வயிற்றைத் தொட்டால் அடிப்பான். எடை பார்க்கும் மேடையில் வைத்தால் அது முடியும்வரை உறுமிக்கொண்டே இருப்பான். அச்சு இயந்திரத்தின் சத்தத்தை அவனுக்குப் பிடிக்காது. மூன்று தடவை தடவிக்கொடுத்தால் போதும், நாலாவது தடவைக்கு எழுந்து போய்விடுவான். இதற்கெல்லாம் நான் மருந்து தேடவில்லை. வலி போய், பயம் குறைந்து, அதற்குப் பிறகும் ஒரு பூனை தனக்கு இது வேண்டாம் என்று சொன்னால், அது நோய் இல்லை. எல்லாப் பூனையும் மடியில் வந்து படுக்க வேண்டும் என்று யார் சொன்னது?

கடிபட்டவரைப் பற்றியும் எழுத வேண்டும். இந்த ஆய்வுக்கு முன்னால் ஓர் உதவியாளருக்குக் கையில் ஆழமான கடி. பூனைப் பல் ஊசி போல மெல்லியது, மேலே சின்ன ஓட்டை, உள்ளே மூட்டுவரை போயிருக்கும். பாஸ்டுரெல்லா என்ற பாக்டீரியா சில மணி நேரத்திலேயே கையை வீங்க வைத்துவிடும். எந்தப் பூனை கடித்தாலும் சோப்பும் ஓடும் தண்ணீரும் கொண்டு 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றே மருத்துவரைப் பார்க்க வேண்டும். வெறிநோய்த் தடுப்பூசி தேவையா என்பதை அவர் முடிவு செய்வார். கோபிக்குத் தடுப்பூசிகள் தவறாமல் போடப்படுகின்றன.

மருத்துவமனை அவனுக்கு ஏற்ற இடமா

இதைப் பலரும் கேட்டிருக்கிறார்கள், கேட்க வேண்டிய கேள்விதான். நாய்க் குரைப்பு, அந்நியப் பூனைகளின் பய வாசனை, நோய்க்கிருமிகள், ஓயாத ஆள் நடமாட்டம். கண் தெரியாத, சட்டென்று பயப்படும் பூனைக்கு இதைவிட மோசமான இடம் குறைவு என்றுதான் எழுத்தில் பார்த்தால் தோன்றும். புதிதாக ஒரு பார்வையற்ற பூனை வந்தால் அதை இங்கே வைத்துக்கொள்ள நான் சம்மதிக்க மாட்டேன், அமைதியான வீட்டைத்தான் தேடுவேன்.

ஆனால் கோபிக்கு எட்டு வாரம் இருக்கும்போதே இந்த வாசனைகளும் சத்தங்களும் உலகமாகிவிட்டன. குட்டிகள் எதற்குப் பயப்பட வேண்டும், எதற்கு வேண்டாம் என்று பழகும் காலம் இரண்டாவது வாரத்துக்கும் ஏழாவது வாரத்துக்கும் இடையில். அது முடிந்த கையோடுதான் அவன் வந்தான். ஒன்பது வயதில், இங்கே ஒவ்வோர் அடியும் மனப்பாடமாக இருக்கும்போது, அவனை இடம் மாற்றுவது அவனுக்கு நன்மை என்று எனக்குத் தோன்றவில்லை. அதனால் மருத்துவமனை அவனுக்கேற்ப மாறியது. காத்திருப்பு அறையில் அவனைக் கொண்டுவந்து காட்டுவது நின்றது. பார்க்க ஆசைப்படும் குழந்தைகளிடம் அவனுக்கு அது பிடிக்காது என்று சொன்னால் அவர்கள் பெரியவர்களைவிடச் சீக்கிரம் புரிந்துகொள்கிறார்கள்.

ரத்த தானத்துக்கு அவனைப் பயன்படுத்தலாமே என்ற யோசனையும் வந்தது. சில இடங்களில் மருத்துவமனைப் பூனைகளை அப்படி வைத்திருக்கிறார்கள். நான் மறுத்துவிட்டேன். எடை 4.5 கிலோவாவது இருக்க வேண்டும், எட்டு வயதைத் தாண்டக் கூடாது என்பது பொதுவான அளவுகோல். இரண்டிலும் அவன் தேறமாட்டான். தேறியிருந்தாலும் மறுத்திருப்பேன். ஒவ்வொரு முறையும் மயக்க மருந்து கொடுத்து, கழுத்து ரத்தக்குழாயிலிருந்து எடுக்க வேண்டும். இங்கே தங்குவதற்கு அவன் எதையும் திருப்பிக் கொடுக்க வேண்டியதில்லை.

தொடர் கண்காணிப்பு

ஆறு மாதத்துக்கு ஒரு முறை ரத்த அழுத்தம், சிறுநீரகம், தைராய்டு. பல் கரைதல் ஒரு பல்லில் வந்தால் மற்றவற்றிலும் வரக்கூடிய நோய் என்பதால் ஆண்டுக்கு ஒரு முறை மயக்கத்தில் வாய் முழுக்க எக்ஸ்ரே. காபாபென்டின் ஒவ்வொரு பரிசோதனைக்கு முன்னாலும் உண்டு, சிறுநீரகம் பின்னால் மாறினால் அதன் அளவைக் குறைக்க வேண்டும் என்று ஷீட்டிலேயே எழுதியிருக்கிறோம். நோட்டுப் புத்தகம் இன்னும் கதவில் தொங்குகிறது. முன்னறிவிப்பில்லாத கடி ஒன்று அதில் மறுபடி பதிவானால், தொட்ட இடத்தை அன்றே பரிசோதிப்பது என்று எல்லோரும் பேசிவைத்திருக்கிறோம். ஊசியைத் தொடர்வதா, இடைவெளியைக் கூட்டிப் பார்ப்பதா என்பதை அடுத்த முதுகு எக்ஸ்ரேயும் அவன் ஜன்னலுக்கு ஏறும் விதமும் சொல்லட்டும் என்று விட்டிருக்கிறோம்.